ரெஸ்யூம்ல என்னத்த எழுதறது? – வாசகர் கேள்வி பதில்

வேலை தேடறது பத்தி எது வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தோம், வந்த மெயில்ல பாதிக்கு மேல ரெஸ்யூம் பத்தி தான், அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே விட்டாச்சு. ஒரே மாதிரி வந்த கேள்விகள ஒண்ணா சேத்துட்டேன். பேர் யாருக்கும் போடல, நிறைய பேர் இப்ப ஒரு வேலையில இருந்துக்கிட்டே தான் வேற தேடறீங்க, எதுக்கு வம்பு.

கேள்வி: மேடம், நான் இன்ஜினியரிங் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு. எக்ஸ்பீரியன்ஸ்னு சொல்லிக்க எதுவுமே இல்ல. ரெஸ்யூம் எழுத உக்காந்தா பேர், படிப்பு, மார்க், அதோட முடிஞ்சு போயிடுது, பாதி பக்கம் காலி. ஆப்ஜெக்டிவ், ஹாபி, ஸ்ட்ரெங்த், வீக்னெஸ் எல்லாம் போட்டு ரொப்பிடுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்றாங்க. ரொப்பிடவா?

பதில்: ரொப்பாதீங்க தம்பி. காலியா இருக்கற பாதி பக்கமே தேவல. "சவாலான பணிச்சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள நல்ல வாய்ப்பை எதிர்நோக்குகிறேன்"னு ஒரு ஆப்ஜெக்டிவ் வரி எல்லார் ரெஸ்யூம்லயும் இருக்குமே, ஆள் எடுக்கறவங்க கண்ணு அது மேல நிக்கவே நிக்காது, தானா தாண்டி போயிடும். ஏன்னா அது உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுது. அந்த பக்கம் உக்காந்திருக்கறவங்களுக்கு ஒரு வேலை முடங்கி கெடக்கு, இந்த ஆள் வந்தா அது நடக்குமா நடக்காதா, இது ஒண்ணு தான் அவங்க கேள்வி, ரெஸ்யூம்ங்கறது அந்த கேள்விக்கு நீங்க குடுக்கற பதில். இன்னிக்கு வந்திருக்கற எல்லா கேள்விக்கும் நான் சுத்தி சுத்தி இதுலயே தான் வந்து நிக்க போறேன், இப்பவே சொல்லிடறேன்.

சரி, வேலையே பாக்காதவங்க அதுக்கு எப்படி பதில் சொல்றது? ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணிருப்பீங்கல்ல, அத எப்படி எழுதிருக்கீங்க? முக்காவாசி பேர் "லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம், ஜாவா, மைஎஸ்க்யூஎல்"னு ஒரே வரியில முடிச்சுடறாங்க. டீம்ல எத்தன பேர், அதுல உங்க கை பட்டது எது, கடைசில அது ஓடுச்சா இல்லையா, எதுவுமே தெரியாது. அதையே "நாலு பேர் டீம், டேட்டாபேஸ் டிசைனும் தேடல் பக்கமும் என் பொறுப்பு, புத்தகத்தை தலைப்பு, ஆசிரியர், துறை மூணு வழியிலும் தேடலாம், டிபார்ட்மென்ட் லைப்ரரில ரெண்டு மாசம் ஓட்டி பார்த்து, வந்த பிழைகளை சரி செய்தேன்"னு எழுதுனா, படிக்கறவங்களுக்கு இன்டர்வ்யூல கேக்க நாலு கேள்வி கெடச்சுடும், அந்த நாலுக்கும் பதில் உங்களுக்கு அத்துப்படி. இன்டர்வ்யூ எந்த பக்கம் போகணும்ங்கறத ரெஸ்யூம் எழுதும்போதே பாதி நீங்க முடிவு பண்ணிடலாம், ஃப்ரெஷர்ஸ் யாரும் இத யோசிக்கறதே இல்ல.

அப்புறம் காசு வாங்கி பாத்தா தான் அனுபவம்னு நெனைச்சுக்கறீங்க. காலேஜ் விழாவுக்கு ஸ்பான்சர் பிடிச்சது, அந்த கணக்க ஒருத்தர் கேள்வி கேக்காத மாதிரி ஒப்படைச்சது, ஸ்கூல் பசங்களுக்கு ரெண்டு வருஷம் மேத்ஸ் ட்யூஷன் எடுத்தது, லீவுல சொந்தக்காரங்க கடையில பில்லிங் பாத்தது, எல்லாமே வேலை தான். அதுல எது இந்த வேலைக்கு ஒத்து வருதோ அத எழுதுங்க.

ஸ்கில்ஸ்னு போட்டு பதினாலு லாங்வேஜ் அடுக்காதீங்க, எத பத்தி அஞ்சு நிமிஷம் தெணறாம பேச முடியுமோ அது மட்டும் போதும். அந்த கலர் கலரா பட்டை போட்டு பைத்தான் 80 சதவீதம்னு காட்டற டெம்ப்ளேட்ட தயவு செஞ்சு தூக்கி போடுங்க, 80 சதவீதம்னா எதுல 80? எனக்கு இன்னி வரைக்கும் புரியல. ஸ்ட்ரெங்த், வீக்னெஸ் வேண்டவே வேண்டாம், வீக்னெஸ்ஸ எழுதி குடுத்து வேலை கேக்கறது என்ன கணக்கோ. மார்க் நல்லா இருந்தாலோ அவங்களே கேட்டிருந்தாலோ போடுங்க, இல்லன்னா டிகிரி, காலேஜ், முடிச்ச வருஷம், அவ்ளோ தான்.

கேள்வி: மூணு மாசமா ஆன்லைன்ல அப்ளை பண்ணிக்கிட்டே இருக்கேன். சில சமயம் அஞ்சே நிமிஷத்துல ரிஜெக்ட் மெயில் வருது. ஏடிஎஸ்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்காம், 75 சதவீத ரெஸ்யூம மனுஷங்க கண்ணுலயே காட்டாம தள்ளிடுதாம், வீடியோ வீடியோவா சொல்றாங்க. நெஜமா? அத ஏமாத்த ஏதாவது வழி இருக்கா?

பதில்: அந்த 75 சதவீத கணக்கு ரொம்ப வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு, அதுக்கு ஆதாரமா உருப்படியான ஒரு ஆய்வ யாரும் காட்டி நான் பாத்ததில்ல, அத சொல்லி பயமுறுத்தறவங்கள்ல பல பேர் பின்னாடியே ரெஸ்யூம் எழுதி தர்ற பேக்கேஜும் விப்பாங்க, கவனிச்சு பாருங்க. ஏடிஎஸ்ங்கறது வர்ற விண்ணப்பங்கள அடுக்கி வெக்கற டேட்டாபேஸ். உங்க ஃபைல்ல இருக்கற எழுத்த உருவி எடுத்து பேர், போன், படிப்பு, வேலை, தேதின்னு தனித்தனி கட்டத்துல போட்டு வெக்கும். ஆள் எடுக்கறவங்க அதுல "பேரோல்"னோ "எக்செல்"னோ தேடுவாங்க, வர்ற லிஸ்ட்ட மேலருந்து பாத்துக்கிட்டே வருவாங்க. சாஃப்ட்வேரே பொருத்தம் பாத்து வரிசைப்படுத்தி குடுக்கறதும் உண்டு, இல்லன்னு சொல்லல.

அஞ்சு நிமிஷத்துல வர்ற ரிஜெக்ட் இருக்கே, அது அநேகமா உங்க ரெஸ்யூமால வந்திருக்காது. அப்ளை பண்ணும்போது ஒரு ஃபார்ம் ரொப்பறீங்கல்ல, எத்தன வருஷ அனுபவம், இந்த லைசென்ஸ் இருக்கா, இந்த நாட்டுல வேலை பாக்க அனுமதி இருக்கான்னு கேக்குமே, அதுல கட்டாயம்னு அவங்க வெச்சிருக்கற ஒண்ணுக்கு "இல்ல"ன்னு டிக் பண்ணா மெயில் தானா போற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பாங்க. அத ரெஸ்யூம அழகு பண்ணி ஒண்ணும் மாத்த முடியாது, அந்த வேலைக்கு அப்ளை பண்ற நேரத்த மிச்சம் பிடிச்சு வேற எதுக்காவது பண்ணலாம்.

ஆனா சாஃப்ட்வேரால நெஜமாவே அடி வாங்கற இடம் ஒண்ணு இருக்கு. ரெஸ்யூம் பிடிஎஃப்ப ஓபன் பண்ணுங்க, மொத்தத்தையும் செலக்ட் பண்ணி காப்பி பண்ணுங்க, நோட்பேட்ல பேஸ்ட் பண்ணுங்க. அங்க எப்படி தெரியுதோ கிட்டத்தட்ட அது தான் அந்த சாஃப்ட்வேர் கையில இருக்கறது. பக்கத்த நெடுக்க ரெண்டா பிரிச்சு டிசைன் பண்ணிருந்தா இடது பக்க வரியும் வலது பக்க வரியும் மாறி மாறி கலந்து, நீங்க 2021ல வேலை பாத்த கம்பெனி பேருக்கு நடுவுல உங்க ஹாபி வந்து உக்காந்திருக்கும். பேரையும் போன் நம்பரையும் பக்கத்து உச்சில இருக்கற ஹெடர்ல வெச்சிருந்தா சில சாஃப்ட்வேர் ஹெடர படிக்காம விட்டுடும், அப்புறம் உங்கள எந்த நம்பர்ல கூப்பிடறது? ப்ரின்ட் எடுத்து ஸ்கேன் பண்ண பிடிஎஃப்னா நோட்பேட்ல ஒண்ணுமே வராது, அது வெறும் படம் தான். தமிழ்ல ரெஸ்யூம் கேக்கற இடத்துக்கு யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல டைப் பண்ணி அனுப்பினீங்கன்னா இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கன்னாபின்னான்னு கொட்டும். அதனால நெடுக்க பிரிக்காத பக்கம், சாதாரண ஃபான்ட், "வேலை அனுபவம்", "கல்வி"ன்னு எல்லாருக்கும் தெரிஞ்ச தலைப்பு. பாக்க அழகா இல்லையேன்னு தோணும். டிசைனர் வேலைக்கு போறீங்கன்னா அழக போர்ட்ஃபோலியோல காட்டுங்க.

ஏமாத்த வழி கேட்டீங்க. விளம்பரத்துல இருக்கற வார்த்தை எல்லாத்தையும் வெள்ளை கலர்ல பொடி எழுத்துல அடியில ஒட்டி வெக்கறது ஒரு ட்ரிக்னு சொல்லிக்கிட்டு திரியறாங்க. எழுத்த உருவும்போது கலர் போயிடும்ங்க, அந்த பக்கம் திரையில அது பளிச்சுன்னு தெரியும், பாத்தவங்க உங்கள பத்தி என்ன நெனைப்பாங்க. நேர் வழியே இருக்கு, அவங்க விளம்பரத்துல "கஸ்டமர் சப்போர்ட்"னு எழுதியிருந்தா நீங்களும் அதையே எழுதுங்க, பழைய கம்பெனி அதுக்கு வெச்சிருந்த விசித்திரமான பேர எழுதாதீங்க. சுருக்கெழுத்து இருந்தா ஒரு தடவையாவது முழுசா எழுதிடுங்க, தேடறவங்க எத போட்டு தேடுவாங்கன்னு நமக்கு தெரியாது.

கேள்வி: ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா ரெஸ்யூம் எழுதணுமாமே, அதுக்கெல்லாம் யாருக்குங்க நேரம் இருக்கு?

பதில்: முழுசா எழுத வேண்டாம். உங்க கிட்ட பெரிய ஃபைல் ஒண்ணு இருக்கட்டும், அதுல இது வரைக்கும் செஞ்ச எல்லாமே இருக்கும், யாருக்கும் அனுப்ப மாட்டீங்க. விளம்பரம் வந்ததும் அதுலருந்து எடுத்து மேல வெக்கறது, கீழ எறக்கறது, தூக்கறது, பழகிட்டா இருபது நிமிஷ வேலை. நூறு எடத்துக்கு ஒரே ஃபைல அனுப்பறத விட பதினஞ்சு எடத்துக்கு இப்படி அனுப்பறது மேல்னு தான் நான் சொல்லுவேன்.

லியோனார்டோ டா வின்சி கூட இத செஞ்சிருக்கார்னா நம்புவீங்களா. 1482 வாக்குல மிலன்ல ஆட்சியில இருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்கு வேலை கேட்டு ஒரு கடிதம், அதோட வரைவு இன்னும் இருக்கு. வரிசையா நம்பர் போட்டு எழுதியிருக்கார், தூக்கிட்டு போற மாதிரி லேசான பாலம் கட்டுவேன், கோட்டை மதில தகர்ப்பேன், பீரங்கி செய்வேன், மூடின ரதம் செய்வேன்னு போய்க்கிட்டே இருக்கு, ஓவியம் வரைவேன்ங்கறது கிட்டத்தட்ட கடைசில வருது. எதிராளிக்கு அப்ப சண்டை தான் கவலை, அது அவருக்கு தெரிஞ்சிருக்கு. தனக்கு எது பெருமையோ அத முதல்ல வெக்கல பாருங்க.

கேள்வி: அக்கா, ஆறு வருஷம் அக்கவுன்ட்ஸ்ல வேலை பாத்தேன். குழந்தைங்க பொறந்ததும் விட்டுட்டேன், இப்ப ஏழு வருஷம் ஆச்சு. மறுபடி போகலாம்னு பாத்தா ரெஸ்யூம்ல அந்த ஏழு வருஷம் பெரிய பள்ளமா தெரியுது. தேதியே போடாம ஸ்கில்ஸ் மட்டும் எழுதற மாடல் ஒண்ணு இருக்காம், அதுல எழுதிடட்டுமா? இல்ல "ஹோம் மேனேஜர்"னு போட்டுடவா?

பதில்: ரெண்டும் வேண்டாம்மா. தேதி இல்லாத ரெஸ்யூம பாத்ததும் ஆள் எடுக்கறவங்களுக்கு வர்ற முதல் சந்தேகமே "எத மறைக்கறாங்க"ங்கறது தான், நீங்க மறைக்க நெனைக்கற விஷயத்துக்கு நீங்களே டார்ச் அடிச்ச மாதிரி ஆயிடும். "ஹோம் மேனேஜர்", "வீட்டின் சிஇஓ" மாதிரி பேர்லாம் கேக்க நல்லா இருக்கும், வீட்ட பாத்துக்கறது லேசான வேலைன்னும் நான் சொல்ல வரல, ஆனா அக்கவுன்டன்ட் தேடறவங்களுக்கு அது பதில் இல்ல. நேரா ஒரு வரி, "2018 – 2025: குழந்தை வளர்ப்புக்காக இடைவேளை", முற்றுப்புள்ளி. காரணத்த நீட்டாதீங்க, மன்னிப்பு கேக்கற தொனி வேண்டவே வேண்டாம். லிங்க்ட்இன்லயே 2022ல "கேரியர் ப்ரேக்"னு தனியா ஒரு பகுதி கொண்டு வந்துட்டாங்க, இது அவ்வளவு சகஜமான விஷயம்.

பள்ளத்த பத்தி கவலைப்படற நேரத்துல வேற ஒண்ண யோசிங்க. ஆள் எடுக்கறவங்களோட உண்மையான பயம் ஏழு வருஷம் நீங்க வீட்டுல இருந்தீங்கங்கறது இல்ல, அந்த ஏழு வருஷத்துல சாஃப்ட்வேரும் வரி விதியும் மாறிடுச்சே, இவங்களுக்கு இப்ப இருக்கறது தெரியுமாங்கறது தான். அதுக்கு பதில் ரெஸ்யூம்ல முதல் கால் பக்கத்துக்குள்ள இருக்கணும். இப்ப எல்லாரும் பயன்படுத்தற அக்கவுன்டிங் சாஃப்ட்வேர்ல சமீபத்துல ஒரு கோர்ஸ் முடிச்சிருக்கீங்களா, தெரிஞ்சவங்களோட சின்ன வியாபாரத்துக்கு கணக்கு பாத்து குடுத்தீங்களா, பசங்க ஸ்கூல்ல பெற்றோர் சங்கத்துக்கு பொருளாளரா இருந்தீங்களா? எதுவும் இல்லன்னா அப்ளை பண்றதுக்கு முன்னாடி ஒரு ரெண்டு மாசம் ஒதுக்கி ஒண்ண செஞ்சுட்டு வாங்க. அது கீழ உங்க ஆறு வருஷ அனுபவம், அத மட்டும் சுருக்காதீங்க, மாசத்துக்கு எத்தன இன்வாய்ஸ் பாத்தீங்க, ஆடிட் வந்தப்ப யார் பக்கத்துல உக்காந்து பதில் சொன்னது, வருஷ கணக்கு முடிக்கறதுல உங்க பங்கு என்ன, எல்லாம் வரட்டும். பழசாச்சேன்னு நீங்களே குறைச்சுக்கிட்டா வேற யார் கூட்டி சொல்ல போறா?

கேள்வி: எங்கப்பாவுக்கு 51 வயசு. ஒரே ஃபேக்டரில 24 வருஷம், கடைசில மெயின்டெனன்ஸ் சூப்பர்வைசர். இப்ப கம்பெனிய மூடிட்டாங்க. அவர் வாழ்க்கையில ரெஸ்யூமே எழுதினதில்ல. நான் எழுதி தரேன்னு உக்காந்தா "என்னத்தடா எழுத போற, மெஷின பாத்துக்கிட்டேன்"ங்கறார். என்ன பண்றது?

பதில்: இந்த கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சது, ஏன்னா நல்ல வேலைக்காரங்க பல பேர் இப்படி தான், செய்ய தெரியும், சொல்லிக்க தெரியாது. பேப்பர் பேனாவ தள்ளி வெச்சுட்டு போன்ல ரெகார்ட் போட்டு அப்பாவ பேச விடுங்க. "உங்க சாதனை என்னப்பா"ன்னு கேக்காதீங்க, அதுக்கு எந்த அப்பாவும் பதில் சொல்ல மாட்டாங்க. எத்தன மெஷின் உங்க கையில இருந்துச்சு, என்ன மெஷின், எந்த கம்பெனி மேக்கு, உங்களுக்கு கீழ எத்தன பேர், ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் நின்னா போன் யாருக்கு வரும், மத்தவங்க கைவிட்டு நீங்க சரி பண்ணது எது, நீங்க சொல்லி குடுத்து இப்ப நல்லா இருக்கற பையன் யாரு, இப்படி கேளுங்க. அரை மணி நேரத்துல உங்களுக்கே தெரியாத அப்பா வெளிய வருவார்.

அதுலருந்து வரிகள் தானா விழும். "12 மெஷின் கொண்ட ப்ரெஸ் லைன் பராமரிப்பு, மூன்று ஷிஃப்ட், 9 டெக்னீஷியன்கள்"னு ஒண்ணு. "பழுதான பின் பார்ப்பதை விட்டு மாதாந்திர தடுப்பு பராமரிப்பு அட்டவணையை கொண்டு வந்தேன், ஹைட்ராலிக் கோளாறால் லைன் நிற்பது பாதியாக குறைந்தது"ன்னு ஒண்ணு, அதுவும் நெஜமா பாதியா குறைஞ்சிருந்தா மட்டும். நம்பர் சரியா ஞாபகம் இல்லன்னா "சுமார்"னு போடுங்க, கற்பனையா வேண்டாம், இன்டர்வ்யூல எதிர்ல உக்காரறவரும் ஃபேக்டரில இருந்தவரா தான் இருப்பார், ஒரே கேள்வியில கண்டுபிடிச்சுடுவார்.

24 வருஷத்த ஒரே பத்தியா எழுதாதீங்க, ஹெல்பரா சேந்து டெக்னீஷியன் ஆகி சூப்பர்வைசர் ஆனார்னா ஒவ்வொண்ணையும் வருஷத்தோட பிரிச்சு போடுங்க, ஒரே கம்பெனில மேல ஏறி வந்தவர்ங்கறது பெரிய விஷயம். கடைசி பத்து பதினஞ்சு வருஷத்துக்கு விவரம், அதுக்கு முந்தினதுக்கு ஒரு வரி போதும். வயசு போட வேண்டிய அவசியம் இல்ல, கேட்டா சொல்லலாம். "நிறுவனம் மூடப்பட்டது"ன்னு வருஷத்தோட ஒரு வரி கண்டிப்பா போடுங்க, அது இல்லன்னா ஏன் வெளிய வந்தார்ங்கற கேள்வி நிக்கும். எலெக்ட்ரிகல் லைசென்ஸ், க்ரேன், பாய்லர், சேஃப்டி ட்ரெய்னிங் எதுக்காவது சான்றிதழ் இருந்தா அத மேலயே வெச்சுடுங்க, இந்த மாதிரி வேலைக்கு முதல்ல தேடறதே அத தான். இன்னொண்ணு, பழைய மேனேஜர்கள் நாலா பக்கமும் பிரிஞ்சு போறதுக்குள்ள ரெண்டு பேரோட சொந்த நம்பர வாங்கி வெச்சுக்க சொல்லுங்க.

கேள்வி: எனக்கு 2 வருஷ அனுபவம், எல்லா எடத்துலயும் 3 கேக்கறாங்க. 3ன்னு போட்டுக்கோ, யார் பாக்க போறான்னு அண்ணன் சொல்றான்.

பதில்: அண்ணன நம்பாதீங்க. பழைய கம்பெனிக்கு ஒரு மெயில் அனுப்பி சேந்த தேதி, விட்ட தேதி கேக்கறது வெரிஃபிகேஷன்ல முதல் வேலையே. இதுல கொடுமை என்னன்னா அது பெரும்பாலும் ஆஃபர் வந்தப்புறம் தான் நடக்கும், பழைய வேலைய விட்டுட்டு நடுவுல நிப்பீங்க. பெரிய ஆளுங்களே தப்பிச்சதில்ல, 2012ல யாஹூவுக்கு சிஇஓவா வந்தவர் ஸ்காட் தாம்சன், அக்கவுன்டிங் மட்டும் படிச்சவருக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரியும் இருக்கறதா அவரோட விவரக்குறிப்புல இருந்துச்சு, அது வெளிய வந்து சேந்த சில மாசத்துலயே பதவிய விட்டு போனார். 2 வருஷத்த 2ன்னே போட்டு தைரியமா அப்ளை பண்ணுங்க. விளம்பரத்துல 3 வருஷம்னு கேக்கறது பல சமயம் அவங்க ஆசை பட்டியல் தான், வேலை தெரிஞ்ச ஆள் வந்தா ஒரு வருஷத்த பெருசா எடுத்துக்காத எடம் நிறைய உண்டு.

கேள்வி: போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேர், மதம், கல்யாணம் ஆச்சா இல்லையா, இதெல்லாம் போடணுமா?

பதில்: கேட்டா தவிர வேண்டாம். அமெரிக்கா, இங்கிலாந்து பக்கம் போட்டோவும் வயசும் போடறதில்ல, பாகுபாடு காட்டினாங்கன்னு கேஸ் வந்துடுமோன்னு கம்பெனிங்களே பயப்படும். ஜெர்மனில போட்டோ ஒட்டறது ரொம்ப நாள் பழக்கம், இப்ப அங்கயும் கட்டாயம் இல்ல. நீங்க அனுப்பற நாட்டுல என்ன வழக்கம்னு பாத்துக்கோங்க. இதெல்லாம் எதுக்குன்னு தோணும், மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2004ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, பாஸ்டன், சிகாகோ ரெண்டு ஊர்லயும் பேப்பர்ல வந்த வேலை விளம்பரங்களுக்கு கிட்டத்தட்ட 5,000 ரெஸ்யூம் அனுப்பி பாத்தது. ஒரே மாதிரி ரெஸ்யூம், பேர் மட்டும் தான் மாத்தினது, வெள்ளைக்காரங்க பேர் மாதிரி இருந்ததுக்கு கறுப்பினத்தவங்க பேர் மாதிரி இருந்தத விட 50 சதவீதம் அதிகமா கூப்பிட்டிருக்காங்க. பேருக்கே இந்த நெலமை, மதமும் போட்டோவும் வேற நாமளா எதுக்கு எடுத்து குடுக்கணும். அடையாள அட்டை நம்பர், முழு வீட்டு முகவரி இதெல்லாம் போடவே கூடாது, உங்க ரெஸ்யூம் எத்தன பேர் கம்ப்யூட்டர்ல போய் கெடக்கும்னு உங்களுக்கு தெரியாது, ஊர் பேர் போதும்.

கேள்வி: சாட்ஜிபிடி கிட்ட குடுத்து எழுதி வாங்கிடலாமா? என் ஃப்ரெண்ட் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டான்.

பதில்: ரெண்டு நிமிஷத்துல அவன் மட்டுமா முடிச்சான், எல்லாரும் தான். 2022 கடைசில அது வந்ததுலருந்து ரெஸ்யூம் எல்லாம் ஒரே குரல்ல பேச ஆரம்பிச்சுடுச்சு, "திறம்பட வழிநடத்தி 30 சதவீதம் மேம்படுத்தினேன்"னு எல்லாரும் எதையோ 30 சதவீதம் மேம்படுத்தி வெச்சிருக்காங்க. நீங்க சொல்லாத நம்பர கூட அதுவே போட்டு குடுத்துடும், இன்டர்வ்யூல அந்த 30 எப்படி வந்துச்சுன்னு கேட்டா முழிக்க வேண்டியது தான். வேற மாதிரி பயன்படுத்துங்க. விளம்பரத்தையும் உங்க ரெஸ்யூமையும் குடுத்து, இதுல கேட்டு அதுல இல்லாதது என்னன்னு கேளுங்க. இல்ல, ஆள் எடுக்கற மேனேஜரா இருந்து என் கிட்ட பத்து கேள்வி கேளுன்னு சொல்லுங்க, உங்க பதில் தான் ரெஸ்யூமுக்கான சரக்கு. எழுத்துப்பிழை பாக்கவும் நல்லது. குடுக்கும்போது போன் நம்பர், முகவரிய எடுத்துட்டு குடுங்க.

இனி சின்ன சின்ன கேள்விகள், வேகமா.

ஒரு பக்கமா ரெண்டு பக்கமா? – பத்து வருஷத்துக்கு கீழன்னா ஒண்ணு, மேலன்னா ரெண்டு வரைக்கும் போலாம். ஆராய்ச்சி, பேராசிரியர் வேலைக்கு கேக்கற சிவி வேற, அது நீளும். லேடர்ஸ்ங்கற வேலைவாய்ப்பு நிறுவனம் 2018ல கண்ணு எங்க போகுதுன்னு கருவி வெச்சு பாத்ததுல முதல் பார்வைக்கு சராசரியா 7.4 விநாடி தான்னு வந்துச்சு. அதனால எத்தன பக்கம்ங்கறத விட முதல் பக்கத்துல மேல் பாதில என்ன இருக்குங்கறது தான் முக்கியம்.

பிடிஎஃப்பா வேர்டா? – அவங்க சொன்னது எதுவோ அது. சொல்லலன்னா பிடிஎஃப். ஃபைல் பேர் "நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3"னு இருக்க கூடாது, உங்க பேரும் வேலை பேரும் இருக்கட்டும்.

ரெஃபரன்ஸ் பேர் போடணுமா? – கேட்டப்ப குடுங்க. "கேட்டால் தரப்படும்"ங்கற வரியும் தேவையில்ல, கேட்டா எல்லாரும் தரத்தானே போறோம்.

காலேஜ்ல வெச்ச விளையாட்டான மெயில் ஐடி தான் இருக்கு, பரவாயில்லையா? – பரவாயில்லன்னு விட முடியாது. புதுசு ஒண்ணு உங்க பேர்ல இன்னிக்கே ஆரம்பிச்சுடுங்க, ஆரம்பிச்சுட்டு அத தெனம் திறந்தும் பாருங்க, ஸ்பாம் உட்பட.

மெயில்ல என்ன எழுதறது, வெறுமனே அட்டாச் பண்ணி அனுப்பலாமா? – நாலு வரி எழுதுங்க. எந்த வேலைக்கு, எங்க பாத்தீங்க, அந்த வேலைக்கு ஏத்த மாதிரி நீங்க செஞ்ச ஒண்ணு, எப்ப சேர முடியும். ரெஸ்யூம்ல இருக்கறத திரும்ப ஒப்பிக்க வேண்டாம். சப்ஜெக்ட்ல வேலை பேரும் உங்க பேரும்.

அனுப்பிட்டு எத்தன நாள் கழிச்சு கேக்கலாம்? – கடைசி தேதி போட்டிருந்தா அது முடிஞ்சு ஒரு வாரம், இல்லன்னா அனுப்பி பத்து நாள். அதே மெயிலுக்கு ரிப்ளைல ரெண்டு வரி, ஒரே ஒரு தடவை. பதில் வரலன்னா விட்டுட்டு அடுத்தத பாருங்க, போன் போட்டு தொந்தரவு பண்ணாதீங்க.